பல்லக்கின் ஞாயிற்றுக்கிழமை சவாரி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முதலில் சொன்ன புண்ணியவான் கார் இன்சூரன்ஸ் எடுத்தவர் அல்ல. எடுத்திருந்தால் முக்கால் பணத்தோடு விட்டிருக்க மாட்டார். பல்லக்கு தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது பன்னிரண்டு வயதான ஒரு சிவப்புக் கார். பின்கதவு இரண்டும் உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். வெளியே நின்று எவ்வளவு கெஞ்சினாலும் அசையாது. டிக்கியில் ஸ்டெப்னியை வைத்தால் அதற்கு மேல் ஒரு பை வைக்க இடமில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு வருஷத்து இன்சூரன்ஸ், வண்டி விலையில் பாதியைத் தாண்டி வந்து நின்றது.

"இந்தத் தொகை வண்டிக்குத் தெரியுமா?" என்று பல்லக்கு ஏஜெண்டைக் கேட்டார். "தெரிஞ்சா அதுவே வெக்கப்பட்டு நின்னுடும்."

"வண்டிக்கு இல்ல சார், ஓட்டுற கைக்கு. வயசு இருபது. லைசென்ஸ் எடுத்து நாலு மாசம். இந்த வயசுக்காரங்கதான் அதிகமா மோதறாங்க. கம்பெனி பயப்படுது."

கம்பெனிக்குத் தாளில் தெரிந்த சமாசாரம் பல்லக்குக்கு முகங்களாகத் தெரியும்.

பல்லக்கு என்பது அவர் பெயரல்ல. முப்பத்தொரு வருஷமாக அமரர் ஊர்தி ஓட்டுகிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவன் கை எப்படி என்று பார்க்க, ஷெட்டில் இருந்தவர்கள் காலிப் பெட்டியின் மூடிமேல் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி வைத்து ஊரைச் சுற்றிவரச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது டம்ளரில் ஒரு சொட்டு குறையவில்லை. அன்றைக்கு வைத்த பெயர், சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். யாராவது உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

அந்த முப்பத்தொரு வருஷத்தில் இருபது வயதுக்காரர்கள் எத்தனை பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்று அவர் எண்ணியதில்லை, எண்ணவும் விரும்பவில்லை. அவர்கள் ஏறும் நாளில் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டுவார். அதனால்தான் மகள் காரை எடுத்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. முட்டிவலி என்பார், காலாற நடந்து வருகிறேன் என்பார், திடீரென்று குழாய் ஒழுகுவது ஞாபகம் வரும். உண்மை என்னவென்றால் பயம். அதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை, அந்தம்மாவுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

கார் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. மகளுக்கு வேலை கிடைத்திருந்தது ஊருக்கு வெளியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில். குஞ்சுகள் காலை ஆறு மணிக்கு ஓட்டை உடைத்துக்கொண்டு கிளம்பும். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ் ஏழேகாலுக்கு. குஞ்சுகள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை. கார் உண்டென்றால் வேலை உண்டு, கார் இல்லையென்றால் வேலை இல்லை. சேர்ந்த முதல் நாளே மேலாளர் அதை எழுதி வாங்கிக்கொண்டார்.

"குறைக்க வழியே இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

ஏஜெண்ட் கையைத் தேய்த்துக்கொண்டு, பாலிசியில் அனுபவமுள்ள ஒருவர் பெயரை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்தால் கொஞ்சம் இறங்கும் என்றார். "வீட்டுல யாராவது இருக்காங்களா? விபத்து எதுவும் இல்லாத ஆளா?"

"முப்பத்தொரு வருஷம்" என்றார் பல்லக்கு. "ஒரு கீறல் கிடையாது. என் வண்டியில வந்தவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் புகார் பண்ணல."

தொழில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஏஜெண்ட் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு தடவை இருமினார். பிறகு இன்னொரு வழியையும் சொன்னார். ஸ்டீயரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. வேகம், பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் பார்த்து மாசா மாசம் மார்க் போடும். இப்போதைக்குப் பாதித் தொகை கட்டினால் போதும். மூன்றாம் மாசக் கடைசியில் மார்க் எழுபதோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பாதியே போதும். எழுபதுக்குக் கீழே போனால் மீதிப் பாதியையும் வைக்க வேண்டும்.

மீதிப் பாதி அந்த வீட்டில் இல்லை. வண்டியை விற்றால்தான் உண்டு. வண்டியை விற்றுவிட்டு வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுகிற அளவுக்கு அந்தக் குடும்பம் இன்னும் முற்றவில்லை. ஆக, எழுபது என்கிற எண் வீட்டில் நாலாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் மாசம் வந்தது அறுபத்துமூன்று.

மகள் போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "பிரேக்காம். அடிக்கடி சடார்னு பிடிக்கறேனாம்."

"அவசரத்துல போனா அப்படித்தான்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு வேலை தபால் நிலையத்தில், பார்சல் எடை போடும் கவுண்டரில். எதையும் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவாள், மனிதர்கள் உட்பட. "அலாரம் அடிச்சா அதைத் தட்டிவிட்டுத் தூங்கறே. அப்புறம் ரோட்டுல போய் அந்தத் தூக்கத்தைத் துரத்திப் பிடிக்கறே."

பல்லக்கு முகவாயைச் சொறிந்தார். "பாப்பா, இந்தப் பெட்டி வண்டியைத்தானே பாக்குது? ஆளைப் பாக்கலையே?"

"வண்டியைத்தான்பா."

"அப்ப ஞாயித்துக்கிழமை வண்டியை நான் எடுக்கறேன். பாலிசியில என் பேரும் இருக்கு, தப்பே இல்ல. என் மார்க்கும் உன் மார்க்கும் ஒண்ணா சேந்து ஏறிடும்."

"பால்ல தண்ணி கலக்கற மாதிரி இருக்கே" என்றாள் அம்மா.

"பால்ல தண்ணி கலந்தாதான் தப்பு. நான் தண்ணியில பால் கலக்கறேன். அதுல என்ன தப்பு?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் முகத்தில் அப்படியொரு உற்சாகத்தை அவள் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. சரி என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை பல்லக்கு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே போவதென்று யோசிக்கவில்லை. யோசிக்காத மனிதனைக் கை கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒன்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல். அங்கே போய் நின்ற பிறகுதான் அவருக்கே உறைத்தது. வந்தது வந்தாயிற்று, வழக்கமாக நிற்கும் பதினைந்து நிமிஷத்தை நின்றுவிட்டே கிளம்பினார். அங்கிருந்து மயானத்துக்கு.

மணிக்கு இருபது கிலோமீட்டர். அதற்கு மேல் அவர் கால் அமுக்காது. அமுக்க வேண்டிய தேவை அதற்கு என்றுமே வந்ததில்லை. அறுபதில் போகும் பெரிய சாலையிலும் அதே இருபதுதான். பின்னால் வந்த கார்கள் முதலில் ஹாரன் அடித்தன. அப்புறம் முன்னால் போகிறவரின் வெள்ளைச் சட்டையையும் நிமிர்ந்த கழுத்தையும் பார்த்து என்ன நினைத்தார்களோ, ஒவ்வொருவராக ஹாரனை விட்டுவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ஓரமாகப் போன ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பழக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மயான வாசல்வரை கூடவே வந்து, இறங்கி, தாழ்ந்த குரலில், "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்க. சும்மா மார்க்குக்காக வந்தேன்" என்றார் பல்லக்கு.

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

மயானக் காவலாளி வழக்கம்போலச் சீட்டுக்காகக் கையை நீட்டினார். சீட்டு இல்லை என்றதும் காருக்குள் குனிந்து பார்த்தார். "ஆளும் இல்ல, சீட்டும் இல்ல. சும்மா வந்து போற இடமாய்யா இது?"

"எனக்கு வேற எந்த ரோடும் இவ்வளவு நல்லா ஓட்ட வராது" என்றார் பல்லக்கு. அது சத்தியம். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, வழக்கமாகக் காத்திருக்கும் நாற்பது நிமிஷத்தையும் காத்திருந்தார். காத்திருக்காமல் திரும்பினால் பாதி வேலையில் எழுந்துபோன மாதிரி இருந்தது. காவலாளிக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறவர்கள் குறைவு.

இரண்டாம் மாச மார்க் அறுபத்தாறு. "மூணு ஏத்திட்டேன் பாத்தியா!" என்று பல்லக்கு ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் மாசத்தில் ஞாயிறு காலை மட்டுமில்லாமல் மாலையும் ஒரு நடை போய்வந்தார். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்?

ஒரே ஒரு உறுத்தல். மகள் சாயங்காலம் இருபது நிமிஷம், அரை மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்திருந்தாள். பண்ணை மூடுவது நாலு மணிக்கு. வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஐந்து மணி ஆகியும் ஆள் இல்லை.

"யாரோ இருக்கான்" என்றாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே.

"குஞ்சு அதிகமா பொரிச்சிருக்கும்" என்றார் பல்லக்கு. ஆனால் அவள் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மகள் அதைப் படித்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், பிறகு மறுபடி படித்தாள். வண்டி வாராவாரம் ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து மயானத்துக்குப் போய்வருவது கருவியின் பதிவில் தெரியவந்திருப்பதாகவும், சொந்த உபயோகத்துக்கென்று சொல்லி எடுத்த வாகனத்தைச் சவ ஊர்தித் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகிக்க இடமிருப்பதாகவும், அது உறுதியானால் பாலிசி ரத்தாகும் என்றும், விசாரணைக்கு ஆள் வருவார் என்றும் எழுதியிருந்தது.

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காச்சே" என்றாள் அம்மா.

பல்லக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஓட்டினதைப் பற்றி ஒரு புகார் வந்திருந்தது. அதுவும் மகளின் சோற்றில் மண் விழுகிற மாதிரியான புகார்.

விசாரணைக்காரர் சனிக்கிழமை காலை வந்தார். கையில் அளவு நாடா, கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை. சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது முகம். "எழுபத்தி ரெண்டு கிலோ" என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நீங்க அமரர் ஊர்தி ஓட்டுநர்."

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை தனியா சவாரி எடுக்கறீங்க. இந்தக் கார்ல."

"எடுக்கல சார். இந்தக் கார்ல எப்படி சார் முடியும்?"

"அதைத்தான் பாக்க வந்திருக்கேன்." விசாரணைக்காரர் டிக்கியை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். மகள் முன்சீட்டில் ஏறிக் கையைப் பின்னால் விட்டு ஒரு பின்கதவைத் திறந்துவிட்டாள். அவர் சீட்டின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், கோப்பில் எழுதினார். திருப்தியில்லை. கடமை என்று வந்துவிட்டால் சில பேருக்குக் கண் மண் தெரியாது. ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறி மல்லாக்கப் படுத்தார். தலை மூடிய கதவில் இடிக்க, கால் இரண்டும் திறந்த கதவு வழியாக முழங்கால்வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பல்லக்கு அதைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம் யாரைக் கேட்டு வரும்? விசாரணைக்கென்று போட்டிருந்த யூனிபார்ம் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பாதங்களையும் பதமாகச் சேர்த்து வைத்தார். உள்ளே குனிந்து, "கையை மார்மேல வெச்சுக்கங்க சார். இல்லன்னா வளைவுல நழுவும்" என்றார்.

விசாரணைக்காரர் சொன்னபடி வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டம்மா குப்பை கொட்ட வெளியே வர வேண்டுமா? நீட்டிய காலையும், தொப்பியைக் கையில் பிடித்து நின்ற பல்லக்கையும் பார்த்து, குப்பைக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்ன வயசா இருக்கே" என்றாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்ததும் கூடையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழ் போட்டாள்.

விசாரணைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "கால் வெளியில நிக்குது."

"அது மட்டும் இல்ல சார்" என்றார் பல்லக்கு. "இந்தக் கதவு ரெண்டும் உள்ளேருந்துதான் திறக்கும். எங்க ஆளுங்க உள்ளேருந்து திறக்க மாட்டாங்க."

விசாரணைக்காரர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பை அவர் முழுதாக வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை, சட்டைப் பையில் கொஞ்சம் இருந்திருக்கிறது. சவ ஊர்தி அல்ல என்று கோப்பில் எழுதிக் கோடு போட்டார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் கோப்பைப் புரட்டினார். "இன்னொரு சிக்கல் இருக்கு. இந்த மாச மார்க் இப்ப அறுபத்தெட்டு. எழுபதுக்கு ரெண்டு குறையுது. ஆனா நாள்வாரியா பாத்தா வேடிக்கையா இருக்கு. வார நாள்ல எண்பத்திரெண்டு. ஞாயித்துக்கிழமை நாப்பத்தொண்ணு. ஓட்டின நேரத்தை வெச்சு ரெண்டையும் கலக்கறதால அறுபத்தெட்டு ஆகுது."

மகள் தரையைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணா?" என்றார் பல்லக்கு.

"அறுபதுல போற ரோட்டுல இருபதுல போனா பின்னாடி வர்றவன் மோதறதுக்குத்தான் வழி. கருவி அதை ஆபத்துன்னுதான் போடும்." விசாரணைக்காரர் கோப்பை மூடினார். "எனக்கு இருக்கற சந்தேகம் வேற. வார நாள்ல ஓட்டறது நீங்க, அதாவது அனுபவசாலி. மகளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வரீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் புதுசா கத்துக்கிட்ட பொண்ணு பயந்து பயந்து ஓட்டுது. பாக்கற எவனும் அப்படித்தானே நினைப்பான்? அப்படின்னா பாலிசியில முதல் ஓட்டுநர்னு பொண்ணு பேரைப் போட்டது பொய்யாயிடும்."

பல்லக்கு நிமிர்ந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எண்பத்திரெண்டு அவருடையது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கு வாங்கிச் சுவரில் மாட்டியிருந்த கேடயங்கள், முப்பத்தொரு வருஷம், டம்ளர் தண்ணீர், எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் மகளைப் பார்த்தார். அவள், அப்பாவே சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நாப்பத்தொண்ணு என்னோடது சார்" என்றார் பல்லக்கு. "எண்பத்திரெண்டு அவளோடது. என் பேரை அதுலேருந்து எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"போன்ல தினம் தினம் வருமேப்பா. நான் கால் மணி முன்னாடியே கிளம்ப ஆரம்பிச்சதுமே ஏறிடுச்சு. ஞாயித்துக்கிழமைதான் சிவப்புக் கட்டத்துல வரும்."

"சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு அவ்வளவு சந்தோஷமா கிளம்பறீங்க. எப்படிச் சொல்றது? அதான் சாயங்காலம் வரும்போது ஏரியைச் சுத்தி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வருவேன். நல்ல மார்க் கொஞ்சம் கூடுதலா சேந்தா உங்களோடதைச் சரிக்கட்டிடலாம்னு பாத்தேன்."

"அப்ப யாரும் இல்லையா?" என்றாள் அம்மா.

"யாரு?"

"ஒண்ணும் இல்ல, காப்பி குடி."

பல்லக்கு சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார். அவர் அவளைத் தூக்கிவிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ இரண்டு மாசமாக அவரைத் தோளில் சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறு என்னவோ இருந்தது, அது நன்றாகவே இருந்தது.

விசாரணைக்காரர் தொண்டையைச் செருமினார். அப்பாவின் பெயரை எடுத்தால் தொகை கொஞ்சம் ஏறும், ஆனால் எண்பதுக்கு மேல் மார்க் இருந்தால் அதைவிட அதிகமாக இறங்கும் என்றார். அவர் ஓட்டிய ஞாயிறுகளையும் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். "ஆனா எண்பத்திரெண்டு பொண்ணோடதுன்னு நான் கண்ணால பாத்து எழுதணும். சாவியை எடும்மா. பண்ணைவரைக்கும் போய்ட்டு வருவோம். நீங்களும் வாங்க சார், பின்னாடி உக்காருங்க."

"எனக்கு முட்டிவலி" என்றார் பல்லக்கு.

"நேத்து ராத்திரிவரைக்கும் இல்லையே" என்றாள் அம்மா. "போய் உக்காருங்க."

பின்சீட்டில் அவர் பெல்ட்டை இழுத்து இழுத்து மூன்று தடவை சோதித்தார். கார் தெருமுனை திரும்பும்வரை முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கால், இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தது. பெரிய சாலை வந்தது. இருபது, முப்பது, ஐம்பது. அந்த இருபது வயது முகங்கள் வந்தன, ஒவ்வொன்றாக. கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய பிறகுதான் ஒன்று புரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியாதது உட்கார்ந்திருக்கும் உடம்புக்குத் தெரிந்தது. ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை. சிக்னல் வருவதற்கு ரொம்ப முன்பே வேகம் தானாக இறங்கியது. திருப்பத்தில் உடம்பு ஒரு பக்கமும் சாயவில்லை. முப்பத்தொரு வருஷமாக ஸ்டீயரிங்கைப் பிடித்த கை கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டை விட்டது. வலது கால் அமுக்குவதை நிறுத்தியது.

பண்ணை வந்தது. மகள் திருப்பிக்கொண்டு வந்தாள். விசாரணைக்காரர் வழியெல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் கார் நின்றதும், "எண்பத்திரெண்டு உன்னோடதுதான்மா. இன்னைக்கு எண்பத்தஞ்சுகூட வரும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பினார். திரும்பியவர் அப்படியே உறைந்துவிட்டார்.

பல்லக்கு தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை இரண்டையும் மார்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"சார்?" என்றார் விசாரணைக்காரர். "சார்!"

அம்மா வாசலிலிருந்து வந்து முன்ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் எடை தெரிந்துகொள்கிறவள், இதைத் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

"தூங்கறார்" என்றாள் மெதுவாக. "இருபத்தி மூணு வருஷத்துல இந்த மனுஷன் பஸ்ல தூங்கினதில்ல, ரயில்ல தூங்கினதில்ல. வேற யார் ஓட்டினாலும் இவர் கண்ணு மூடாது."

விசாரணைக்காரர் ஓசைப்படாமல் இறங்கி, கதவை மெல்ல அழுத்திச் சாத்தினார்.

"எழுப்பவாம்மா?" என்று கேட்டாள் மகள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வார்.

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். மகள் வண்டியைப் பதமாக நகர்த்தி, ஏரிக்குப் போகும் சாலையில் திருப்பினாள்.